யாரும் அமத்தாத லிஃப்ட்: தமிழில் ஹொரர் ராப் எழுதப் புதிதாக வருபவர்களுக்கு

ஹொரர் ராப் எழுதப் புதிதாக வருபவர்கள் முதல் பாட்டிலேயே சுடுகாடு, கத்தி, மண்டையோடு, அமாவாசை எல்லாவற்றையும் கொட்டிவிடுவார்கள். கேட்பவர் தாளத்துக்குத் தலையாட்டுவார், பயப்பட மாட்டார். பாட்டு முடிந்த பிறகு அவர் தன் வீட்டுக்குள் கொண்டுபோவதற்கு ஒரு காட்சியாவது இருக்க வேண்டும். கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றில், யாரும் பொத்தானை அமத்தாமலே நாலாம் மாடியில் வந்து நிற்கிற லிஃப்ட் ஒன்று போதும். அன்றிரவு அவரும் லிஃப்டில்தான் ஏற வேண்டும்.

இரண்டு வேர்ஸ் (கதை சொல்லும் பகுதி), ஒரு ஹூக் (திரும்பத் திரும்ப வரும் பகுதி) உள்ள ஒரு முழுப் பாட்டை எழுதி, வீட்டிலேயே குரல் பதிவது வரை இங்கே பார்க்கலாம். ஒரு சிங்கிள் ரூல் கொப்பி, பென்சில், கைபேசி, நிமிடத்துக்கு 70 தட்டு வேகத்தில் ஒரு பீட் (பின்னணித் தாள இசை) ஆகியவை கையில் இருந்தால் தொடங்கலாம்.

எங்கிருந்து வந்தது

உலகம் இந்த வகையை ஹொரர்கோர் என்று அழைக்கிறது. 1980களின் கடைசியில் டெட்ரோயிட்டில் ஈஷாம் தொடங்கி, 1990களின் முதற்பாதியில் ஹூஸ்டனின் கெட்டோ போய்ஸ், நியூயோர்க்கின் கிரேவ்டிகாஸ், மெம்பிஸின் த்ரீ சிக்ஸ் மாஃபியா என்று வளர்ந்தது. மெம்பிஸ்காரர்கள் வீட்டில் கசெட்டில் பதிந்து, அதையே பிரதி எடுத்து விற்றார்கள். அந்த நாடாவின் இரைச்சலே பிறகு இந்த வகையின் அடையாளமாகிவிட்டது.

புதியவர் கவனிக்க வேண்டியது 1991இல் கெட்டோ போய்ஸ் பாடிய 'மைண்ட் பிளேயிங் ட்ரிக்ஸ் ஆன் மீ' என்ற புகழ்பெற்ற பாட்டைத்தான். யாரோ பின்தொடர்கிறார்கள் என்று நினைக்கிறவனின் பாட்டு அது. கடைசிப் பகுதியில் ஒருவன் பெரிய உருவம் ஒன்றை அடித்து நொறுக்குகிறான். பிறகு பார்த்தால் எதிரே ஆளே இல்லை, கொங்கிரீட்டைக் குத்தித் தன் கைதான் இரத்தமாகிக் கிடக்கிறது. பேய் என்ற ஒன்றே தேவைப்படவில்லை.

தமிழில் இந்த வேலை இன்னும் பழையது. காரைக்கால் அம்மையார் தன்னைக் 'காரைக்காற் பேய்' என்றே சொல்லிக்கொண்டு, சுடுகாட்டுப் பெண்பேயின் நரம்பையும் பல்லையும் ஒட்டிய வயிற்றையும் பாடினார். 12ஆம் நூற்றாண்டில் செயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியில், போர்க்களத்துப் பேய்கள் கூழ் காய்ச்சும் முன் பிடுங்கிய யானைக் கொம்பால் பல் விளக்குவதாக எழுதினார். அந்த இடத்தை நின்று பாருங்கள். பிணக்குவியலைவிட, அதன் நடுவே காலையில் எழுந்து பல் விளக்குகிற வழக்கமான வேலைதான் உடம்பைக் கூசச் செய்கிறது. பயங்கரமான இடத்தில் அன்றாட வேலை, அல்லது அன்றாட இடத்தில் ஒரேயொரு பிசகு. இந்த இரண்டில் ஒன்று எப்போதும் வேலை செய்யும்.

ஒரு பயம், ஓர் இடம், ஒரு நேரம்

கொப்பியின் முதல் பக்கத்தில் மூன்று வரிகள் எழுதுங்கள். எதற்குப் பயம்? எங்கே? எத்தனை மணிக்கு? "மரணம், கொழும்பு, இரவு" என்று எழுதினால் பாட்டு வராது. "பூட்டின வீட்டுக்குள் வெளிச்சம், வெள்ளவத்தையில் நாலாம் மாடி, இரண்டு நாற்பது" என்று எழுதினால் பாதிப் பாட்டு வந்துவிட்டது.

பிறகு அந்த இடத்துக்கு நேரில் போய் இருபது விவரம் குறித்து வாருங்கள். அவற்றில் குறைந்தது பத்து, காதாலோ மூக்காலோ தோலாலோ தெரிந்தவையாக இருக்க வேண்டும். கண்ணால் கண்டவை மட்டும் நிறைந்த வரிகள் படத்துக்குக் கதை சொல்வதுபோல் ஆகிவிடும். இரவு வெள்ளவத்தையில் என்ன கேட்கும்? கரையோர ரயில் பாதையின் அதிர்வு, அதற்குப் பின்னால் அலை, மேல்மாடி ஏசியிலிருந்து தகரத்தில் சொட்டும் தண்ணீர், எங்கோ ஒரு ஜெனரேட்டர். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கறண்ட் நின்ற காலத்தை நினைவில் வைத்திருப்பவருக்கு, அந்த ஜெனரேட்டர் சட்டென்று நிற்கிற ஓசையே ஒரு முழு வரி.

ஊர்ப்பேயை அப்படியே கொழும்புக்கு இழுத்து வருவது இங்கே நடக்கும் பெரிய பிழை. பனையில் முனி இருப்பது வடக்கில் பொருந்தும். கொழும்பின் பெரிய சாலையான காலி வீதியில் முனி எங்கே இருக்கும்? உலமா என்ற பேய்ப்பறவை கத்துவது காட்டோரத்தில். பம்பலப்பிட்டியில் அதைக் கத்த விட்டால் கேட்பவர் நம்பமாட்டார். நகரத்துக்கென்று சொந்த இருட்டு மூலைகள் உண்டு. மொட்டை மாடித் தண்ணீர்த் தாங்கி, லிஃப்ட் ஓடுகிற குழி, பிரேதம் வைக்கும் மலர்ச்சாலையின் பின்கதவு, வெளிநாட்டிலிருக்கும் சொந்தக்காரர் வருடத்தில் பதினொரு மாதம் பூட்டி வைத்திருக்கும் வீடு. இந்தக் கடைசியை வெள்ளவத்தையில் ஒவ்வொரு தொடர்மாடியிலும் காணலாம். கதவில் பூட்டு, வாசலில் காய்ந்த மாவிலை, உள்ளே யாரும் இல்லை. தமிழ்க் கொழும்பின் பேய்வீடு என்றால் அதுதான்.

கொட்டாஞ்சேனைப் பக்கம் என்றால் வேறு பொருள் கிடைக்கும். 1757இல் திறக்கப்பட்ட வுல்ஃபெண்டால் தேவாலயத்தின் தரையே கல்லறைக் கற்கள்தாம். ஒல்லாந்து மொழியில் அந்தப் பெயருக்கு ஓநாய்ப் பள்ளத்தாக்கு என்று பொருள். அந்தக் கற்களின் மேல் நடந்துதான் வழிபடப் போக வேண்டும் என்ற ஒரு விவரத்தை வைத்தே நாலு வரி எழுதலாம்.

யார் பேசுவது

புதியவர்கள் பத்துப் பேரில் ஒன்பது பேர் கொலைகாரன் வாயால் பேசுவார்கள். அதைத் தவிருங்கள். கொலைகாரனுக்குப் பயம் இல்லை. பேசுகிறவனுக்கே பயம் இல்லாத பாட்டில் கேட்பவருக்கு எங்கிருந்து வரும்? தவிர, பெண்ணைத் துரத்தி வெட்டுவதையே திரும்பத் திரும்பப் பாடியது இந்த வகையின் பழைய அசிங்கம். அதைத் தமிழுக்கும் கொண்டுவரத் தேவையில்லை.

இரவுக் காவலாளி, மலர்ச்சாலையில் பிரேதத்துக்கு உடுப்பு மாற்றுகிறவர், தான் செத்தது இன்னும் தெரியாத ஒருவர், பக்கத்து வீட்டுச் சுவரில் காது வைத்துக் கேட்கும் பிள்ளை ஆகியோரின் வாயில் பாட்டு தானாக விரியும். பேசுபவரைத் தெரிந்தெடுத்ததும் அவருக்கு எது தெரியும், எது தெரியாது என்று இரண்டு நிரையில் எழுதுங்கள். தெரியாத நிரையில் உள்ளது கடைசி நாலு பார் (ஒரு பார் என்பது நாலு தட்டு) வரைக்கும் வெளியே வரக்கூடாது.

பேச்சுவழக்கையும் இங்கேயே முடிவு செய்ய வேண்டும். கொழும்பில் யாழ்ப்பாணத் தமிழும் மலையகத் தமிழும் முஸ்லிம்களின் தமிழும் மட்டக்களப்புத் தமிழும் ஒரே ஒழுங்கையில் ஓடுகின்றன. ஒரே ஆள் முதல் வரியில் "கதைக்கிறன்" என்றும் நாலாம் வரியில் "பேசுறேன்" என்றும் சொன்னால் அந்த ஆள் உடைந்து போவார். பேய் பேசும் வரியை வேறு வழக்கில் வைத்தால் அது பிழையாகாது, நல்ல உத்தி. மரியாதையும் அப்படித்தான். "கதவத் திறடா" என்று கத்தும் பேயைக் கேட்பவர் ஒரு நொடியில் மறந்துவிடுவார். "தங்கச்சி, கொஞ்சம் கதவத் திறவுங்கோ, மழை நனைக்குது" என்று தணிந்த குரலில் கேட்கும் பேயை மறக்கவே மாட்டார். அந்த நேரத்தில் வெளியே மழை பெய்யவில்லை என்று அடுத்த வரியில் சொல்லுங்கள்.

மாந்திரீகச் சொற்களைக் கையாளுவது

அமெரிக்கப் பாடகர்கள் பைபிளில் மிருகத்தின் எண்ணாக வரும் 666 என்று சொன்னால் அவர்கள் ஊரில் அதற்குப் பின்னால் தேவாலயமும் தாய் தந்தையின் கண்டிப்பும் நிற்கும். அதையே ஒரு சைவ வீட்டுப் பாட்டில் வைத்தால் வெறும் இலக்கம். நம்முடைய வீடுகளில் மாந்திரீகப் பயத்துக்குப் பின்னால் எப்போதும் ஓர் ஆள் இருக்கிறார். செய்வினையைச் செய்தது யார்? கண்ணூறு பட்டது யாருடைய கண்? வாசற்படியடியில் கறுப்புத் துணியில் சுற்றிய பொட்டலம் ஒன்று கிடந்தால், பொட்டலத்தைவிட "இதைச் சித்தி வைச்சாவோ, பக்கத்து வீட்டுக்காரர் வைச்சாரோ" என்ற சந்தேகம்தான் வீட்டைத் தின்னும். அந்தச் சந்தேகத்தை எழுதினால் பாட்டு நம் மண்ணில் நிற்கும்.

பேசுபவர் எந்த வீட்டுப் பிள்ளையோ அந்த வீட்டுச் சொல் வேண்டும். கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்க வீடென்றால் பிசாசும் செபமாலையும். மருதானையிலோ கொம்பனித்தெருவிலோ உள்ள முஸ்லிம் வீடென்றால் ஜின்னும் ஓதின தண்ணீரும். சைவ வீடென்றால் முனி, செய்வினை, உரு வருவது. யாழ்ப்பாணத்து மூதாட்டிகள் பிள்ளைப்பேற்று வீட்டில் பயந்த கொத்திப் பேயை இன்றைய கொழும்பு இளசுகள் பலர் கேள்விப்பட்டதே இல்லை. எடுத்துப் பாவிக்க நல்ல சொல். சிங்கள அயலில் மோகினியும் மகாசோனாவும் உண்டு. கையில் குழந்தையோடு இரவில் வாகனத்தை மறிக்கும் வெள்ளைச் சேலைக்காரி மோகினி, சுடுகாட்டுக்குரியவன் மகாசோனா. பதினெட்டு நோய்களுக்குப் பதினெட்டுச் சன்னி யகாக்கள் (நோய்ப் பேய்கள்) என்று முகமூடி கட்டி ஆடும் சடங்கு தென்கரையில் இருக்கிறது. அது நோயாளியைக் குணமாக்கச் செய்வது. அதை வெறும் பூச்சாண்டியாக எழுதுவது தவறு.

அளவு முக்கியம். ஒரு வேர்ஸில் மாந்திரீகச் சொல் மூன்றுக்கு மேல் போகக்கூடாது. மீதியை அதைச் சுற்றியுள்ள பொருளால் காட்டுங்கள்: வெற்றிலை, சாம்பிராணி, கறுப்பு நூல், செப்புத் தகடு, தேசிக்காய். விடியற்காலை முச்சந்தியில் குங்குமம் தடவி வெட்டிய தேசிக்காய் கிடந்தால் கொழும்பில் மனிதர் எப்படிக் கடந்து போகிறார்கள் என்று பாருங்கள். பார்க்காததுபோல் பார்த்து, செருப்பு படாமல் அரைவட்டம் எடுத்து, பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு போவார்கள். அந்த அரைவட்டத்தை எழுதுங்கள், தேசிக்காயின் பெயரே தேவைப்படாது.

உண்மையான மந்திரங்களைப் பாட்டில் போட வேண்டாம். பொருள் புரியாத ஓசையை வரியில் வைத்தால் எதுகை தடுமாறும், கதையும் நின்றுவிடும். நம்புகிறவர்களின் மனமும் நோகும். முகத்துவாரம் காளி கோவிலுக்குத் தமிழரும் சிங்களவரும் நேர்த்தியோடு போகிறார்கள். அங்கே நிற்பவள் அவர்களுக்குத் தாய். அவளைப் பூதமாக்கிப் பாடுவது ஹொரர் ஆகாது, அறியாமைதான் தெரியும். அவள் முன்னால் நின்று பொய்ச் சத்தியம் செய்தவனின் பயத்தைப் பாடலாம், அது பெரிய பாட்டு.

எழுத்தை எண்ணுங்கள்

70 வேகத்தில் ஒரு பார், அதாவது நாலு தட்டு, ஏறத்தாழ 3.4 செக்கன். 16 பார் 55 செக்கன். புதியவரின் வாய்க்கு ஒரு பாரில் 12 முதல் 14 அசையொலி வசதியாக இருக்கும். எண்ணுவதற்குத் தமிழில் எளிய வழி உண்டு: புள்ளி வைத்த எழுத்தையும் ஃ என்ற ஆய்தத்தையும் விட்டுவிட்டு மற்ற எழுத்துகளை மட்டும் எண்ணுங்கள். "நிக்குது" என்பதில் நி, கு, து ஆகிய மூன்று. "லிஃப்ட்" ஒன்றே ஒன்று.

நல்ல வரி எழுதும் முன் கெட்டுப்போன வரியைப் பார்ப்போம்:

*பேய் பிசாசு ரத்தம் கத்தி மரணம் இருட்டு*
*சுடுகாட்டில் எரியும் பிணம் என்னைத் துரத்து*

முதல் வரியில் ஆறு பெயர்ச்சொல், ஒரு வினைகூட இல்லை. ஒன்றும் நடக்காத இடத்தில் பயம் வராது. இரண்டாம் வரியில் "துரத்துது" என்று வர வேண்டியதை ஓசைக்காக வெட்டியதால், பிணத்துக்கு யாரோ கட்டளை இடுவதுபோல் ஆகிவிட்டது. ஓசைக்காக வினையின் வாலை வெட்டாதீர்கள். சொல்லை மாற்றுங்கள்.

இனி நம்முடைய நாலாம் மாடி:

*நாலாம் மாடி நிக்குது லிஃப்ட், நான் அமத்தேல்ல*
*நூலாம்படை வீட்டில லைட், நேத்து ஆளில்ல*
*பாலால நனைஞ்ச தடம் இன்னும் காயேல்ல*
*மேலால குரல்: "வாங்கோ தம்பி, நேரமில்ல"*

எண்ணிப் பாருங்கள், நாலு வரியிலும் பதின்மூன்று. நாலாம், நூலாம், பாலால, மேலால என்று இரண்டாம் எழுத்தில் எதுகை நிற்கிறது. வரியின் கடைசியில் "ல்ல" என்ற இயைபு. ராப்காரர் றைம் என்று சொல்வது பெரும்பாலும் இந்த இயைபைத்தான். எதுகையையும் சேர்த்துக் கட்டினால் வரியின் தொடக்கமும் முடிவும் பூட்டிக்கொள்ளும். ஆங்கில ராப்பில் எளிதாகக் கிடைக்காத வசதி இது.

மூன்றாம் வரியில் தண்ணீர்த் தடம் என்று எழுதியிருந்தால் சாதாரணமாகப் போயிருக்கும். பால் என்றதும் வேறு ஏதோ நடக்கிறது. குழந்தையோடு நிற்கும் மோகினி நினைவுக்கு வருவாள். காடாத்துக்குப் போய்ச் சாம்பலில் பால் தெளித்ததைப் பார்த்தவருக்கு அந்த வாசமே வரும். இரண்டில் எதையும் பாட்டு விளக்கவில்லை. விளக்கினால் செத்துவிடும்.

ஓசையைத் தெரிந்தெடுக்கும்போது வல்லினமும் மெல்லினமும் உதவும். க்க, ட்ட, த்த, ற்ற வருகிற சொல் கதவில் தட்டுவதுபோல் விழும். பீட்டில் பளீரென்று விழும் ஸ்நேர் மேளத் தட்டில் அவற்றை வையுங்கள். ங், ஞ், ண், ம் வரும் சொல் முனகும். அவை தட்டுகளுக்கு இடையில் இழுபடட்டும். நாலு வரி முழுக்க வல்லினமாக வைத்தால் கேட்பவர் காது ஐந்தாம் வரியில் மரத்துவிடும்.

மெம்பிஸ்காரர்களின் மூன்று மூன்றாக உருளும் ஃப்ளோவை, அதாவது சொல்லோட்டத்தை, பலரும் கடினம் என்று நினைக்கிறார்கள். மிருதங்கம் படித்த பிள்ளை அதை அரைமணியில் பிடித்துவிடும், ஏனென்றால் அது திஸ்ர நடைதான். ஒரு தட்டுக்கு ஒரு "தகிட". ஒரு பாருக்குத் தகிட நாலு, மொத்தம் பன்னிரண்டு ஒலி. முதலில் சொல் இல்லாமல் "தகிட தகிட" என்றே பீட்டின் மேல் ஐந்து நிமிடம் சொல்லிவிட்டு, பிறகு சொல்லை ஏற்றுங்கள். சாதாரண வரிகள் "தகதிமி"யில் போகட்டும், பயம் நெருங்கும் நாலு பார் மட்டும் "தகிட"வுக்கு மாறட்டும். வேர்ஸ் முழுக்கத் தகிட போட்டால் ஓட்டம் பயமாக இல்லாமல் விளையாட்டாகிவிடும்.

பதினாறு பாரை அடுக்குவது

ஒரு வேர்ஸ் பதினாறு பார். முதல் நாலு பாரில் இடம், நேரம், பேசுபவரின் வேலை. எல்லாம் வழக்கம்போல் இருக்க வேண்டும். 5 முதல் 8 வரை ஒரே ஒரு பிசகு. 9 முதல் 12 வரை பேசுபவர் அதற்குக் காரணம் தேடுகிறார்: பழுதான லிஃப்ட், கறண்ட் ஏறி இறங்கியது, வீட்டுக்காரர் லண்டனிலிருந்து வந்திருப்பார். இந்த நாலு பாரைத்தான் புதியவர்கள் விட்டுவிடுகிறார்கள். மனிதர் தன்னைத்தானே சமாதானப்படுத்தும் இடத்தில்தான் கேட்பவரும் கூடச் சேர்ந்து ஓடுகிறார். 13 முதல் 16 வரை அந்தக் காரணம் உடையும்.

உடம்பைப் பற்றிய கோரம் ஒரு வேர்ஸுக்கு ஒன்று போதும், அதுவும் சிறிதாக இருக்கட்டும். குடல், தலை என்று போகாமல் நகம், பல், இமை என்று எழுதுங்கள். கேட்பவர் தன் உடம்பில் உடனே தொட்டுப் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

இரண்டாம் வேர்ஸில் புதிய பேயைக் கொண்டுவராதீர்கள். அதே லிஃப்டை, உள்ளிருந்து, வேறொருவர் வாயால் சொல்லுங்கள்.

ஹூக் எட்டு பார். நாலு வரியை இரண்டு தரம் பாடினால் போதும். ஒரு பாருக்கு ஆறு முதல் எட்டு அசையொலி, நிறைய நெடில். தாலாட்டின் "ஆராரோ" இழுவையை மெதுவாக வைத்தால் நன்றாக ஒட்டும், ஏனென்றால் எல்லாருக்கும் அது தாயின் குரல். நாலு பார் தொடக்கம், வேர்ஸ், ஹூக், வேர்ஸ், ஹூக், நாலு பார் முடிவு என்று மொத்தம் 56 பார். 70 வேகத்தில் ஏறத்தாழ 3 நிமிடம் 12 செக்கன்.

உண்மையான சாவு கிடக்கும் ஊரில்

கொழும்பில் இருட்டைப் பாடுகிறவர் ஒன்றை நெஞ்சில் வைத்திருக்க வேண்டும். பொரளையின் கனத்தை மயானம் நமக்கு வெறும் அலங்காரம் அல்ல. 1983 ஜூலை 24 இரவு அந்த மயானத்தருகே கூடிய கூட்டத்திலிருந்து தொடங்கிய வன்முறையில் வீட்டையும் உறவுகளையும் இழந்த குடும்பங்கள் இன்றும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருக்கின்றன. 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறில் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் குண்டு வெடித்தது, உடல் சிதறியவர்கள் நம் அயலவர்கள். ஆட்களைக் கடத்திக் காணாமலாக்கிய வெள்ளை வான் என்ற இரண்டு சொல்லைக் கேட்டால் இன்னும் நடுங்கும் தாய்மார் இருக்கிறார்கள். பிள்ளை திரும்பி வரவில்லை, பிரேதமும் வரவில்லை. இவற்றை எழுதக்கூடாது என்று யாரும் சொல்ல முடியாது. எழுத வேண்டும். ஆனால் எழுதினால் பேயை எடுத்துவிடுங்கள், மிகைப்படுத்தலை எடுத்துவிடுங்கள், சாட்சியாக நின்று எழுதுங்கள். மோகினி வரும் பாட்டில் வெள்ளை வானை ஒரு அலங்கார வரியாகச் செருகுவது, காத்திருக்கும் தாயின் முகத்துக்கு நேரே செய்யும் தவறு.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். ஐசிசிபிஆர் (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயம்) என்று எல்லாரும் சொல்லும் 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, மத அல்லது இன வெறுப்பைத் தூண்டுவதைக் குற்றமாக்குகிறது. இணையத்தில் ஏற்றுவதற்கு 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் உண்டு. ஆகவே எந்த மதத்தின் திருவுருவத்தையும் பிசாசாக்க வேண்டாம். உயிரோடு இருக்கும் ஒருவரின் பெயரை, சண்டைக்காரராக இருந்தாலும், வெட்டும் வரியில் வைக்க வேண்டாம்.

தற்கொலையைப் பாடுவதானால் செய்முறை விவரம் ஒன்றுகூட வேண்டாம். எழுதும் உங்களுக்கே அந்த இருட்டு பாட்டுக்கு வெளியிலும் தொடர்ந்தால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழைத்துப் பேசுங்கள், கொப்பி காத்திருக்கும்.

குரல் பதிவு

பெரிய ஸ்டூடியோ தேவையில்லை. உடுப்பு நிறைந்த அலுமாரியைத் திறந்து, அதன் உள்ளே பார்த்து நின்று பாடினால் அறையின் எதிரொலி அடங்கிவிடும். மைக்குக்கும் வாய்க்கும் இடையே ஒரு சாண். மின்விசிறியை நிறுத்துங்கள், குளிர்சாதனப் பெட்டி இரையும் அறையை விட்டு விலகுங்கள். காலி வீதி அடங்குகிற நடு இரவுக்குப் பிறகு பதிவது நல்லது. குரலின் அளவு காட்டும் மீட்டரில் உச்சம் கழித்தல் 6 டெசிபெலைத் தாண்டாமல் பாருங்கள். சிவப்பைத் தொட்ட குரலைப் பிறகு திருத்த முடியாது.

கத்தாதீர்கள். ஹொரர் ராப்பில் குரல் உயர உயரப் பயம் குறையும். முதலில் சாதாரணமாகக் கதைக்கும் குரலில் முழு வேர்ஸையும் பதியுங்கள். அடுத்து அதே வேர்ஸை மூச்சால் மட்டும், குசுகுசுவென்று இரண்டு தரம் பதிந்து, ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் தள்ளுங்கள். இந்த இரண்டும் முதன்மைக் குரலை விட 12 முதல் 15 டெசிபெல் தணிந்து இருக்கட்டும். குசுகுசுப்பு இருக்கிறதா என்று கேட்பவருக்குச் சந்தேகம் வர வேண்டும். தெளிவாகக் கேட்டால் கூடிப்போயிற்று. பேயின் வரியை மட்டும் மூன்று நாலு அரைச்சுரம் கீழே இறக்கலாம். அதற்கு மேல் இறக்கினால் "வாங்கோ தம்பி" என்ற சொல் புரியாமல் போய்விடும்.

பீட் செய்யத் தெரிந்தவர் கூட இருந்தால் தோடி இராகத்தின் சுரங்களைக் கேளுங்கள். சட்ஜத்தை ஒட்டியபடி நிற்கும் சுத்த ரிஷபம், அந்த அரைச்சுர நெருக்கம், அடி ஒலியில் திரும்பத் திரும்ப வரும்போது இனம் தெரியாத அமைதியின்மையைக் கொடுக்கும். சாவுமணி, திரைப்பட வசனம் ஆகியவற்றை வெட்டி ஒட்ட வேண்டாம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி அனுமதி இல்லாமல் எடுப்பது குற்றம், தவிர எல்லாரும் கேட்டுச் சலித்த ஒலிகள் அவை. உங்கள் தொடர்மாடி லிஃப்டின் கதவு மூடும் சத்தம், திருவலையில் தேங்காய் துருவும் சத்தம், வெறும் ஏசித் தண்ணீரின் சொட்டு ஆகியவற்றைக் கைபேசியில் பதிந்து பாதி வேகத்துக்கு இறக்கிப் பாருங்கள். திருவலைச் சத்தம் மெதுவாகும்போது எலும்பைச் சுரண்டுவதுபோல் வரும்.

கலந்து முடித்ததும் கைபேசி ஸ்பீக்கரில் ஒருமுறை கேளுங்கள். 808 என்ற தாள இயந்திரத்தின் அடி ஒலி அங்கே காணாமல் போகும். அப்போது பாட்டு வெறிச்சோடினால், அதே அடியை ஓர் எண்மம் (ஒக்டேவ்) மேலே மெல்லியதாக இரட்டிக்க வேண்டும். பிறகு பீட்டை முழுக்க நிறுத்திவிட்டு, வரிகளை மட்டும் வீட்டில் ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். நல்லதா கெட்டதா என்று கேட்க வேண்டாம். மறுநாள் காலை, எந்த வரி நினைவிருக்கிறது என்று கேளுங்கள். "அந்தப் பால் தடம்" என்பதுபோல் ஒரு பொருளைச் சொன்னால் பாட்டை ஏற்றலாம். "ஏதோ பேய்ப் பாட்டு" என்று சொன்னால், திரும்பக் கொப்பியின் முதல் பக்கத்துக்குப் போய் அந்த மூன்று வரியில் எது மங்கலாக இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் நேரம்தான் விடுபட்டிருக்கும்.